அலேக்ரே என்றொரு சொல்

ஒரு மொழியைப் புதிதாகக் கற்பவன் முதலில் பெயர்ச்சொற்களைத் தேடுகிறான். அப்பம், தண்ணீர், கதவு, படுக்கை என்னும் நான்கும் தெரிந்துவிட்டால் எந்த நாட்டிலும் பசியாறிப் படுத்துறங்க வழி பிறந்துவிடும். அடுத்து வினைச்சொற்கள் வருகின்றன. பண்பைக் குறிக்கும் சொற்கள் கடைசியில்தான் வந்து சேரும். அவை கைக்கு எளிதாகத் தோன்றும். அகராதியில் ஒரே வரியில் பொருள் கிடைத்துவிடும். ஆனால், அந்த ஒரு வரிக்கு உள்ளே ஒரு மக்களினத்தின் வாழ்வு முழுவதும் அடங்கிக் கிடப்பதை உணர்வதற்கு ஆண்டுகள் சில ஆகின்றன. நமக்கு அத்தகைய சொல்லொன்று வாய்த்தது. அதைக் கற்றுக்கொள்ள நமக்குப் பதினோர் ஆண்டுகள் பிடித்தன. கற்றதற்கு நாம் கொடுத்த விலையும் சிறிதன்று. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

யூபிலி ஆண்டாகிய 2000இல் நாம் உரோமையில் இறையியல் மேற்படிப்பில் இருந்தோம். கோடை விடுமுறையில் அங்குப் பயிலும் குருக்கள் பலர் ஐரோப்பியப் பங்குகளுக்கு உதவிக்குச் செல்வது வழக்கம். பங்குத்தந்தை ஓய்வெடுக்கச் செல்வார். மாணவக் குரு அவரிடத்தில் திருப்பலி நிறைவேற்றுவார். அவ்வாறு அந்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஸ்பெயின் நாட்டின் ஆவிலா மாநிலத்தில், கோதுமை வயல்களின் நடுவே இருந்த ஒரு சிற்றூருக்கு நாம் அனுப்பப்பட்டோம். கல்லால் கட்டிய வீடுகள். கல்லால் கட்டிய கோவில். மணிக்கூண்டின் உச்சியில் நாரைகள் விட்டுச்சென்ற பெரியதொரு கூடு. குளிர்காலத்தில் முதியவர் சிலரே தங்கும் ஊர் அது. பிழைப்புக்காக மத்ரீது நகருக்குப் பெயர்ந்துபோன பிள்ளைகள் ஆகஸ்டு வந்ததும் பேரக்குழந்தைகளுடன் திரும்புவார்கள். அடைத்துக் கிடந்த சன்னல்கள் அப்போது ஒவ்வொன்றாகத் திறக்கும்.

இத்தாலியம் ஓரளவு தெரிந்திருந்தமையால் ஸ்பானியம் நமக்கு அச்சம் தரவில்லை. முதல் வாரத்திலேயே நம் குறிப்பேட்டில் ஏறிய சொற்களுள் ஒன்று 'அலேக்ரே'. தெருவில், கடையில், கோவில் வாயிலில் நாள்தோறும் பலமுறை காதில் விழுந்த சொல் அது. இசையில் விரைந்த நடையைக் குறிக்கும் 'அல்லேக்ரோ' என்னும் இத்தாலியச் சொல்லின் உடன்பிறப்பு என்பது கேட்டவுடனே விளங்கிற்று. ஆகவே, 'அலேக்ரே - மகிழ்ச்சியான' என்று எழுதி வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனோம்.

இலக்கணமும் இதில் கற்பவனுக்குத் துணைநிற்கிறது. ஸ்பானியத்தில் பண்புச் சொற்களுள் மிகுதியானவை ஆணுக்கு ஓர் ஈறும் பெண்ணுக்கு மற்றோர் ஈறும் பெற்று மாறும். இச்சொல் மாறுவதில்லை. ஆணும் அலேக்ரே, பெண்ணும் அலேக்ரே. பலரானால் ஈற்றில் ஒரு சகரம் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவே. இதன் எதிர்ச்சொல்லாகிய 'த்ரீஸ்தே', அதாவது துயரமுள்ள என்பதும் அப்படியே. மகிழ்ச்சியிலும் துயரத்திலும் ஆண் பெண் என்ற வேற்றுமையை அம்மொழி பார்ப்பதில்லை என்று அன்று குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதி, நம் கூர்மையை நாமே மெச்சிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

ஆனால் நாள் செல்லச் செல்ல ஐயம் எழுந்தது. மஞ்சளும் சிவப்பும் அலேக்ரேயான நிறங்கள் என்றார்கள். வெயில் விழும் முற்றத்தை அலேக்ரே என்றார்கள். சந்தை நாளை, கோவில் மணியின் ஒருவகை ஒலிப்பை, ஒரு நாய்க்குட்டியைக்கூட அவ்வாறே அழைத்தார்கள். மகிழ்ச்சியான நிறம், மகிழ்ச்சியான முற்றம் என்று தமிழில் சொன்னால் பொருந்துமா? உள்ளத்தில் நிகழும் ஒன்றல்லவா மகிழ்ச்சி? முற்றத்துக்கு உள்ளம் ஏது?

இவற்றையெல்லாம் விட நம்மைத் திகைக்க வைத்தவர் ஓர் அம்மையார். கோவில் திறவுகோல் அவரிடம் இருந்தது. அகவை எழுபதைத் தாண்டியவர். கணவரை இழந்தவர், வளர்ந்த மகன் ஒருவரையும் அடக்கம் செய்தவர். அந்நாட்டுப் பழைய வழக்கப்படி கறுப்பு உடையையே ஆண்டுக்கணக்கில் உடுத்தி வந்தார். அவரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் ஒரே விடைதான் கிடைத்தது: 'எஸ் முய் அலேக்ரே.' மிகவும் அலேக்ரேயானவர் என்பது பொருள். இரண்டு சாவுகளைச் சுமந்து கறுப்பு உடையில் நடக்கும் ஒருவரை எப்படி மகிழ்ச்சியானவர் என்று ஓர் ஊரே ஒருவாயாகச் சொல்லும்? நமது ஸ்பானியத்தில்தான் ஏதோ கோளாறு என்றெண்ணி மறுபடியும் அகராதியைப் புரட்டினோம். அகராதி முன்பு சொன்னதையே சொல்லிற்று.

ஆகஸ்டு 15ஆம் நாள், அன்னையின் விண்ணேற்புப் பெருவிழா. அதுவே ஊர்த் திருவிழாவும் ஆகும். அன்றைய நற்செய்தி லூக்கா முதல் அதிகாரத்திலிருந்து வருவது: மரியா எழுந்து, மலைநாட்டிலுள்ள எலிசபெத்தின் வீட்டிற்கு விரைந்து சென்ற நிகழ்ச்சி. எழுதி வைத்துக்கொண்ட மறையுரையைத் தட்டுத்தடுமாறிப் படித்து முடித்தோம். திருப்பலிக்குப் பின் அன்னையின் திருவுருவத்தைத் தோளில் தூக்கிப் பவனி புறப்பட்டது. துல்சாயினா என்னும் குழலும் தம்போரில் என்னும் சிறு மேளமும் முழங்கின. அம்மாநிலத்தார் திருவுருவத்துக்கு முதுகு காட்டாமல், பின்னோக்கி அடியெடுத்து வைத்தே அதன் முன்னால் ஆடுவார்கள். 'ஹோத்தா' என்பது அந்த ஆட்டத்தின் பெயர். நம் அம்மையாரும் ஆடினார். கறுப்பு உடையில், கைகளைத் தலைக்குமேல் உயர்த்தி, நான்கே அடிகள் ஆடிவிட்டு, மூச்சு வாங்க ஒதுங்கி நின்றார்.

நண்பகலில் ஊர்ப் பொதுவிருந்து. அவரை விதைக் குழம்பு, வாட்டிய ஆட்டிறைச்சி, கூடவே அவ்வூர்த் திராட்சை இரசம். நாமும் விருந்தினர் என்ற முறையில் ஒரு கிண்ணம் அருந்தியிருந்தோம். ஊரார் நன்றி கூறினார்கள்; மறுமொழி சொல்ல எழுந்தோம். கற்ற சொல்லைப் பயன்படுத்த நல்ல வாய்ப்பு எனக் கருதி, 'எஸ்தோய் முய் அலேக்ரே' என்று உரத்த குரலில் சொன்னோம். இன்று மிகவும் மகிழ்ச்சியாயிருக்கிறோம் என்பதே நம் எண்ணம்.

ஒரு நொடி அமைதி. மறுநொடி பந்தலே அதிரும்படி சிரிப்பு. அருகிலிருந்த ஊர்த்தலைவர் நம் முன்னிருந்த இரசக் குப்பியை மெல்லத் தள்ளித் தூரத்தில் வைத்தார். சிரிப்பு இரட்டித்தது. யாரும் காரணம் சொல்லவில்லை.

விருந்து முடிந்து பாத்திரங்களை எடுத்து அடுக்கும்போது அந்த அம்மையார்தாம் விளக்கினார். ஸ்பானியத்தில் 'இருத்தல்' என்பதற்கு இரண்டு வினைகள் உண்டு. நிலைத்த இயல்பைச் சொல்ல 'ஸேர்'. வந்து போகும் நிலைமையைச் சொல்ல 'எஸ்தார்'. அலேக்ரே இரண்டோடும் சேரும். ஆனால், விருந்து மேசையில் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு எஸ்தார் வினையோடு சேர்த்துச் சொன்னால், கேட்பவருக்குக் கொஞ்சம் ஏறிவிட்டது என்றுதான் பொருள்படும்! வந்த இடத்தில் மனம் நிறைந்தது என்று சொல்ல வேறொரு சொல் இருக்கிறது; 'கொந்தேந்தோ' என்று அதைச் சொல்ல வேண்டுமாம்.

நமக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கள்ளுக்கும் களிப்புக்கும் உள்ள உறவு தமிழனுக்குப் புதியதன்று. வள்ளுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்தில் களித்தல் என்று சொல்வது மகிழ்வதை அன்று, குடித்து மயங்குவதையே. நாம் சிரிப்பதைப் பார்த்து அவர் கையிலிருந்த தட்டுகளைக் கீழே வைத்தார். "பாத்ரே, நீங்கள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். வந்து இரண்டு வாரம் ஆயிற்று. சரி, 'எஸ்தார்' போகட்டும். 'ஸேர்' எப்படி? வீட்டில், உங்கள் ஊரில், நீங்கள் அலேக்ரேயான ஆள்தானா?" என்று கேட்டார்.

விடை சொல்ல இயலவில்லை. அந்த ஆண்டு மே மாதத்தில்தான் நம் தந்தை ஊரில் இறந்துபோனார். தொலைபேசியில் செய்தி வந்தபோது அங்கே அடக்கச் சடங்குக்கு நேரம் குறித்துவிட்டிருந்தார்கள். நாம் புறப்பட்டிருந்தாலும் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. மறுநாள் காலையில் வழக்கம்போல் வகுப்புக்குச் சென்றோம். மற்றவர்கள் நம் அமைதியைக் குருத்துவக் கம்பீரம் என்று கருதினார்கள். நாமும் அவ்வாறே கருதிக்கொள்ளத் தொடங்கினோம். இவற்றை அரைகுறை ஸ்பானியத்தில், தவறான வினைமுற்றுகளோடு, அந்த அம்மையாரிடம் சொன்னோம்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். ஆறுதல் மொழி எதுவும் கூறவில்லை. தம் மகனைப் பற்றிச் சிறிது நேரம் பேசினார். பிறகு இவ்வாறு சொன்னார்: "அந்த ஆண்டு முழுவதும் வீட்டைச் சாத்தியே வைத்திருந்தேன், பாத்ரே. ஒருநாள் பக்கத்து வீட்டுச் சிறுமி தட்டிவிட்டு, நான் எழுந்து வருவதற்குள் போய்விட்டாள். என்ன கேட்க வந்தாளோ, இன்றுவரை தெரியாது. மறுநாளே சன்னலைத் திறந்து பூந்தொட்டியை வைத்தேன். துக்கம் என்னுடையது. அதை யாரும் எடுத்துக்கொண்டு போகப் போவதில்லை. ஆனால் கதவு வருகிறவர்களுடையது."

அடுத்த வாரம் பேருந்தில் ஆவிலா நகருக்குச் சென்றோம். கடல் மட்டத்திற்கு 1,100 மீட்டருக்கும் மேலே, கோபுரங்கள் சூழ்ந்த மதிலுக்குள் அமைந்த நகரம் அது. புனித தெரேசா பிறந்தது அங்கேதான், 1515இல். அவர் 1562ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் நிறுவிய முதல் மடமாகிய புனித யோசேப்பு மடம் மதிலுக்கு வெளியே இருக்கிறது. அங்குள்ள சிறு காட்சியகத்தில், திருவிழாக் காலங்களில் அருட்சகோதரியர் இசைத்த சிறு மேளமும் குழல்களும் வைக்கப்பட்டுள்ளன. வெறுங்காலும் முரட்டு உடையும் நோன்பும் மௌனமும் கொண்ட கடுந்துறவு மடத்தில் மேளம்! தெரேசா தம் மடங்களின் ஒழுங்குகளில் அனைவரும் கூடிப் பேசி மகிழும் நேரத்தை ஒரு கடமையாகவே விதித்தவர். அவர் துயரம் அறியாதவர் அல்லர். நெடுங்காலம் நோயோடு வாழ்ந்தவர். தாம் நிறுவிய மடங்களின் வரலாற்று நூலில் ஏழாம் அதிகாரம் முழுவதையும் மனச்சோர்வுற்ற சகோதரிகளைப் பற்றி எழுதியவர். மனச்சோர்வு என்பது அவருக்குக் கேலிக்குரிய பொருள் அன்று. அதனால்தான் அந்தச் சிறு மேளத்தை வெறும் வேடிக்கைப் பொருளாக நம்மால் பார்க்க முடியவில்லை.

உரோமைக்குத் திரும்பியபின் நூலகத்தில் அச்சொல்லின் வேரைத் தேடினோம். இலத்தீன் மொழியின் 'ஆலாகெர்' என்பதிலிருந்து பேச்சுவழக்கில் திரிந்து வந்ததாம் அலேக்ரே. குருமடத்தில் அச்சொல்லைப் படித்தவர்கள்தாம் நாம், மறந்துபோயிருந்தோம். அதற்கு முதற்பொருள் மகிழ்ச்சி அன்று. விறுவிறுப்பு, ஊக்கம், எழத் தயாராயிருத்தல் என்பனவே அதன் பொருள். போருக்கு எழும் மனத்தைக் குறிக்கச் சீசர் கையாண்ட சொல் அது. அழைத்தவுடன் எழுந்து நிற்பவன் ஆலாகெர். அழைத்தும் புரண்டு படுப்பவன் அப்படிப்பட்டவன் அல்லன்.

இலத்தீனில் மகிழ்ச்சிக்குத் தனிச்சொற்கள் பல உண்டு. 'கௌதியும்' என்பது திருவருகைக்காலத்தின் மூன்றாம் ஞாயிறுக்குப் பெயர் தந்த சொல்லின் இனம். ஸ்பானியத்தில் 'கோஸோ' என்றாகியிருக்கிறது. 'லெத்தீசியா' என்பது தவக்காலத்தின் நான்காம் ஞாயிறுக்குப் பெயர் தந்த சொல்லின் இனம். புனித தாமஸ் அக்குவினா இதனை இதயம் அகன்று விரிவதோடு இணைத்து விளக்குகிறார். மேலும் அவர் மகிழ்ச்சியைத் தனியொரு நற்பண்பாக வைக்கவில்லை. அன்பு என்னும் நற்பண்பின் விளைவாகவே வைக்கிறார். இவற்றையெல்லாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவர்கள் நாம். ஆனால் ஸ்பானிய மக்கள் தங்கள் அன்றாட மகிழ்ச்சிக்குப் பெயர் தேடியபோது, இந்தச் சொற்களினும் மிகுதியாக, எழுந்து நிற்றலைக் குறித்த சொல்லையே வாயிலே வைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கண்ணோட்டத்தில் விண்ணேற்புப் பெருவிழாவின் நற்செய்தியை மீண்டும் எண்ணிப் பார்த்தோம். வானதூதர் மரியாவிடம் கூறிய முதற்சொல் கிரேக்க மூலத்தில் மகிழ்வாயாக என்று பொருள்படுவது. ஸ்பானியத் திருவழிபாட்டில் அது அலேக்ரே என்பதன் வினையாகவே வருகிறது. அந்த வாழ்த்தைப் பெற்ற மரியா என்ன செய்தார்? மகிழ்ச்சியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. எழுந்தார், விரைந்தார், இன்னொரு பெண்ணின் வாசலில் போய் நின்று வாழ்த்தினார். அந்தப் பகுதியைத்தான் நாம் தாளைப் பார்த்துப் படித்துவிட்டு இறங்கியிருந்தோம்.

சொல்லுக்கு நிழலும் உண்டு, அதையும் மறைக்கலாகாது. கணக்குப் பாராமல் செலவழிப்பதை, பின்விளைவு எண்ணாமல் பேசுவதை அலேக்ரேயாகச் செய்தான் என்று ஸ்பானியர் சொல்வதுண்டு. இன்னும் கொடிதான வழக்கொன்றும் இருக்கிறது. உடலை விற்றுப் பிழைக்கும் நிலைக்குத் தள்ளப்பட்ட பெண்ணை 'வீதா அலேக்ரே', அதாவது அலேக்ரேயான வாழ்க்கை உடையவள் என்று நாகரிகமாகக் குறிப்பார்களாம். எவரிடமிருந்து எல்லா மகிழ்ச்சியும் பறிக்கப்பட்டதோ அவருக்கே மகிழ்ச்சியின் பெயரைச் சூட்டி உலகம் தன் கைகளைக் கழுவிக்கொள்கிறது. சீமோன் வீட்டு விருந்தில் அழுதுகொண்டு வந்த பெண்ணை அவ்வூரார் என்ன பெயரால் அழைத்தார்களோ! ஆண்டவர் அவள் கண்ணீரைத்தான் கண்டார்.

இத்தனையும் அறிந்துகொண்டுதான் தாயகம் திரும்பினோம். ஆனால் அறிந்தது வேறு, கற்றது வேறு. நாம் அச்சொல்லை அறிந்திருந்தோமேயன்றிக் கற்றிருக்கவில்லை.

அந்த அம்மையாரிடமிருந்து சில ஆண்டுகள் கிறிஸ்து பிறப்பு வாழ்த்து வந்துகொண்டிருந்தது. 2009இல் வந்த அஞ்சலட்டையில் வேறொருவரின் கையெழுத்து. அம்மையார் இலையுதிர் காலத்தில் இறைவனடி சேர்ந்தார் என்றும், அடக்கத்திற்கு மத்ரீதிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள் என்றும் எழுதியிருந்தது. ஈற்றில் மூன்றே சொற்கள்: 'ஏரா முய் அலேக்ரே.' அவர் மிகவும் அலேக்ரேயாக இருந்தார். ஸேர் என்னும் வினையின் இறந்தகாலம் அது. வந்து போகிற நிலைமையைச் சொல்லும் வினையை எழுதியவர் தொடவே இல்லை. அந்த இலக்கண நுட்பத்தை இரசித்து, அட்டையைச் செபப்புத்தகத்துக்குள் வைத்தோம். பிறகு நம் வேலையைப் பார்க்கப் போனோம்.

நம் வேலை எப்படியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். திருப்பலி நேரம் தவறியதில்லை. கணக்கு வழக்குகள் ஒழுங்காயிருந்தன. மறையுரைக்கு ஆயத்தமின்றி நின்றதில்லை. ஆனால் அறைவீட்டின் வெளிக்கதவு மாலை ஆறரைக்குச் சாத்தப்படும். பார்வை நேரம் பலகையில் எழுதித் தொங்கிற்று. நேரம் கடந்து வருகிறவர்கள் நம் முகத்தைப் பார்த்ததும் வந்த காரியத்தைச் சுருக்கிக்கொள்வார்கள். உபதேசியார் ஒருமுறை, "சாமி முகத்தைப் பார்த்தா சனம் பேசவே யோசிக்குது சாமி" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். மரியாதை என்று எண்ணிக்கொண்டோம்.

2011ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒருநாள் விடியற்காலை. முதல் மணி அடிக்குமுன்பே கதவருகில் ஒரு பெண் நிற்பதைக் கண்டோம். நெடுநாள் நோயில் கிடந்த ஒருவரின் மனைவி. அவர் இரவு மூன்று மணியளவில் இறந்துவிட்டாராம். நள்ளிரவிலிருந்தே மூச்சு இழுத்துக்கொண்டிருந்ததாம். 'சாமியைக் கூப்பிடு' என்று இரண்டு முறை கேட்டாராம். நோயில்பூசுதல் பெறாமலே போய்விட்டார். வீடு நம் கோவிலுக்கு இரண்டு தெருவே தள்ளி இருந்தது.

"ஏனம்மா, உடனே வந்து சொல்லியிருக்கலாமே" என்றோம்.

அந்தப் பெண் தலைநிமிரவில்லை. "தெரு முனை வரைக்கும் வந்தேன் சாமி. விளக்கெல்லாம் அணைஞ்சிருந்துச்சு. சாமி தூங்குவீங்க, எழுப்பினா கோபப்படுவீங்களோன்னு பயமா இருந்துச்சு. விடியட்டும்னு திரும்பிப் போயிட்டேன் சாமி. தப்பு என்மேலதான்" என்றார்.

தவறு அவருடையதன்று. இறக்கும் மனிதனுக்கும் அவனுடைய மீட்பருக்கும் நடுவே நம் முகம் ஒரு கதவாய் நின்றிருக்கிறது. இறைவனின் இரக்கம் நம் எண்ணெய்ச் சிமிழுக்குள் அடைபட்டதன்று என்பதை நாம் அறிவோம். அந்த நம்பிக்கையில்தான் அவரை அடக்கம் செய்தோம். ஆயினும், கேட்டதைக் கொடுக்க ஆளிருந்தும் கிடைக்காமல் போன அந்த மூன்று மணி நேரத்துக்கு நாம்தான் பொறுப்பு. அன்றைய அடக்கத் திருப்பலியில் செபப்புத்தகத்தைத் திறந்தபோது அந்த ஸ்பானிய அட்டை கையில் தட்டுப்பட்டது. துக்கம் என்னுடையது, கதவு வருகிறவர்களுடையது என்ற சொற்கள் பதினோர் ஆண்டுகள் கழித்து அன்றுதான் நம் காதில் விழுந்தன.

அலேக்ரே என்பதற்கு நாம் எழுதி வைத்த பொருள் தவறு என்று அதன்பின் கண்டுகொண்டோம். உவகை, களிப்பு, இன்பம், மகிழ்ச்சி என்று இலக்கியச் சொற்களையே தேடியவர்களாகிய நாம், வீட்டுப் பேச்சில் கிடந்த சொல்லைக் கவனிக்கவில்லை. 'கலகலப்பான வீடு' என்கிறோம். 'கலகலப்பான மனுஷி' என்கிறோம். சந்தை கலகலப்பாயிருக்கிறது, திருவிழா கலகலப்பாயிருக்கிறது என்கிறோம். முற்றத்துக்கும் மனிதருக்கும் ஒன்றுபோல் பொருந்துகிற தமிழ்ச்சொல் அதுவே. கலகலப்பான வீட்டில் துக்கம் இராது என்று யாரும் சொல்வதில்லை. அந்த வீட்டுக்குள் நுழைகிறவன் தயங்க வேண்டியதில்லை என்பதே அதன் பொருள். பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் கடவுளின் அன்புக்குரிய கொடையாளரைப் பற்றிப் பேசுமிடத்தில், நம் திருவிவிலியம் முகமலர்ச்சி என்ற சொல்லைப் பெய்திருக்கிறது. பழைய ஸ்பானிய மொழிபெயர்ப்பொன்று அவ்விடத்தில் அலேக்ரே என்றே சொல்கிறது. கொடுக்கிறவனுடைய மனநிலை பெறுகிறவனுக்குத் தெரியாது. முகம்தான் தெரியும்.

2013ஆம் ஆண்டு நவம்பர் 24ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் நற்செய்தியின் மகிழ்ச்சியைப் பற்றிய தம் திருத்தூது ஊக்கவுரையை வெளியிட்டார். புவேனோஸ் ஐரெஸ் நகரில் பிறந்து ஸ்பானியத்தில் சிந்தித்தவர் அவர். அதன் ஸ்பானியத் தலைப்பில் நம் சொல்லின் பெயர்வடிவமாகிய 'அலெக்ரீயா' நிற்கிறது. நற்செய்தியை அறிவிக்கிறவர் அடக்கச் சடங்கிலிருந்து திரும்புகிறவரைப் போன்ற முகத்தோடு திரியலாகாது என்னும் பொருள்பட அதில் எழுதியிருந்தார். வாசித்தவர் பலர் புன்னகைத்திருப்பர். நமக்குப் புன்னகை வரவில்லை. யாருடைய அடக்கம் என்பது நமக்குத் தெரிந்திருந்தது.

நம் இயல்பு ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஐம்பதைக் கடந்த மனிதனின் முகத்தை மாற்றுவது, பழைய கோவிலின் முகப்பை மாற்றுவதைப் போன்றது. ஆனால் சில காரியங்கள் நம் கையில் இருந்தன. பார்வை நேரப் பலகையைக் கழற்றினோம். அறைவீட்டு வாசலில் இரவு முழுவதும் எரியும் விளக்கொன்றைப் போட்டோம். கட்டிலருகே ஒலிக்கும்படி மணியொன்றை அமைத்து, நோயாளிக்காக எந்நேரமும் அதை அழுத்தலாம் என்று ஞாயிறு திருப்பலியில் அறிவித்தோம். ஏன் அறிவிக்கிறோம் என்பதையும் பெயர் சொல்லாமல் ஒப்புக்கொண்டோம். பங்கு மாறிச் செல்லும்போதெல்லாம் புதிய இடத்தில் முதல் வேலை அந்த விளக்கும் மணியும்தாம்.

சென்ற தவக்காலத்தில் ஓர் இரவு, இரண்டு மணி இருக்கும். மணி ஒலித்தது. முழங்கால் வலியோடு எழுந்தோம். உள்ளத்தில் உவகை எதுவும் இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். சட்டையை மாட்டிக்கொண்டு, எண்ணெய்ச் சிமிழை எடுத்துக்கொண்டு, கதவுக்குப் பின்னால் ஒரு கணம் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டோம். வெளியே ஓர் இளைஞன், கையில் டார்ச் விளக்கு.

"எழுப்பிட்டேனா சாமி? அப்பாவுக்கு..." என்று இழுத்தான்.

"எழுப்பத்தானேப்பா மணி வச்சிருக்கு. வா, நட, போகலாம்" என்றோம்.

அவன் முகத்தில் ஏதோ தளர்ந்தது. வழியெல்லாம் தன் தந்தையைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான். அந்த முதியவர் கண்விழித்திருந்தார். எண்ணெய் பூசும்போது தாமே கையை நீட்டினார்.

அன்பு வாசகரே, குருவின் இல்லத்துக்கு மட்டும்தான் கதவு இருக்கிறதா? தந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பும் மகள் எந்த வீட்டிலும் இருக்கலாம். மாமியாரின் வாசலில், அலுவலரின் மேசைக்கு முன்னால், அடுத்த வீட்டுப் படியில் யாரேனும் தயங்கி நிற்கலாம். நமக்குத் துக்கம் உண்டு. இறைவன் அதை அறிவார். அதை அவரிடமே வைத்துவிட்டு எழுந்து போய்க் கதவைத் திறக்கும் அருளை அவர் நமக்குத் தருவாராக.